அழுத்திப் பார்த்தவர்

காயம் என்று யார் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே வார்த்தைதான். “எங்க?”

இடத்தைக் காட்டினால் குனிந்து கட்டைவிரலை வைப்பார். மெதுவாகத்தான் வைப்பார். பிறகு அழுத்துவார். அழுத்தும்போது காயத்தைப் பார்க்க மாட்டார், ஆளின் முகத்தைப் பார்ப்பார். கண்ணில் நீர் திரண்டால் விரலை எடுத்துவிட்டு, “இவன் வேணாம் சார், ஒரு வாரம் படுக்கட்டும்” என்பார். திரளாவிட்டால் முதுகில் ஒன்று வைப்பார். “ஆடுவான். எழுதுங்க.”

பி.டி. சார் எழுதிக்கொள்வார்.

அவர் கோச் இல்லை. பந்தை ஒருநாளும் காலால் தொட்டவரும் இல்லை. ஆரணியில் ஒரு சாயப்பட்டறையின் மாஸ்டர். பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுவது அவர் வேலை. ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் வெளியூர் டீம்காரர்கள் அவரைத்தான் கோச் என்று நினைத்து முதலில் கைகொடுப்பார்கள். உண்மையான கோச்சான பி.டி. சார் பக்கத்தில் விசிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கோடை விடுமுறையில் கோட்டை மைதானத்தில் கால்பந்து டோர்னமென்ட் நடக்கும். அதற்கு முன்னால் பத்து நாள் கேம்ப். இருபத்தைந்து முப்பது பேர் வருவார்கள், பதினாறு பேரை எடுப்பார்கள். ஆடுகிறவர்களைவிட, யாரை எடுப்பது யாரை விடுவது என்று பேசுகிறவர்கள்தான் அதிகம். நான் பேசுகிறவன். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கடை அப்போதும் வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு மைதானத்துச் சிமெண்ட் படிகளில் போய் உட்கார்ந்தால் பேச்சு தொடங்கிவிடும். ரைட் விங் ஆடுகிறவனுக்குத் தொடை பிடித்திருக்கிறது, அவனுக்குப் பதில் யார்? சென்டர் ஃபார்வர்டுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, ஐஸ் போதுமா, ஊசி போட வேண்டுமா? வாட்ஸ்அப் குரூப்பில் எக்ஸ்ரே படங்கள் வரும். போனை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, “இதோ இங்க ஒரு கோடு கீது பாரு” என்று ஒருவன் சொல்வான். “அது உன் போன்ல விழுந்த கோடுடா” என்பான் இன்னொருவன். நாங்கள் எல்லாரும் டாக்டர்கள். ஆனால் எந்தப் பேச்சும் மாஸ்டரின் விரல் வந்ததும் முடிந்துவிடும்.

அந்த விரலை நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் எங்கள் கோல்கீப்பர், நாங்கள் கோலி என்று கூப்பிடுகிறவன், கேம்ப்பின் ஆறாம் நாள் வலது கையில் பெரிய கட்டோடு வந்தான். ஆள்காட்டி விரல் பிசகிவிட்டது என்றான். மூன்று நாள் லீவு வேண்டும் என்றான். பி.டி. சார் தலையில் கைவைத்துக்கொண்டார். மாஸ்டர் கட்டைப் பிரித்தார். விரலைத் தடவிப் பார்த்தார். பின்பக்கமாக வளைத்தார். கோலி வாயைக் கோணிக்கொண்டு “அய்யோ அய்யோ” என்று கத்தினான், கண் மட்டும் வறண்டு கிடந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்ததும் உண்மை வந்துவிட்டது. சேத்துப்பட்டில் மச்சினன் கல்யாணம். மாஸ்டர் கையை விட்டார். விட்ட கையாலேயே கன்னத்தில் அறைந்தார். படியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. கோலி புல்லில் விழுந்தான், காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் வந்தது. இரண்டு நாள் அவனுக்கு அந்தக் காது கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவன் கோல் போஸ்ட்டில் நின்றான். கல்யாணத்துக்குப் போகவில்லை.

நாங்கள் அதைக் கொண்டாடினோம். அந்த அறையைப் பற்றிக் குரூப்பில் ஒரு வாரம் பேசினோம். அவன் காதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயம் கொதிக்கும் செம்பு அண்டாவில் மரக்கழியில் பட்டு நூலைக் கோத்துத் தொங்கவிட்டு, திருப்பித் திருப்பி முக்கி எடுப்பார்கள். நூல் சிக்கினால் மற்றவர்கள் குச்சி தேடுவார்கள். இவர் கையை உள்ளே விட்டுவிடுவார். முப்பது வருடம் அப்படி விட்டுவிட்டு அந்தத் தோலுக்குச் சூடு தெரியாமல் போய்விட்டது. முழங்கை வரை ஒருநாள் அரக்கு, ஒருநாள் பச்சை, ஒருநாள் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. கேம்ப்புக்குத் தினமும் ஒரு தூக்கில் முட்டை அவித்துக் கொண்டுவருவார். ஆவி பறக்கும் முட்டையை வெறும் கையில் எடுத்து, ஓடு உரித்து, ஒவ்வொருவன் உள்ளங்கையிலும் வைப்பார். வாங்கியவன் கை மாற்றிக் கை மாற்றிக் குதிப்பான். “இன்னாடா, முட்டைக்கே டான்ஸ் ஆடுற” என்று சிரிப்பார். சிரிக்கும்போது நல்ல மனிதராக இருப்பார்.

ஒருமுறை அண்டா சரிந்து கொதிநீர் அவர் இடது பாதத்தில் கொட்டியது. தோல் காலுறை மாதிரிக் கழன்றதாகப் பட்டறையில் வேலை செய்தவன் சொன்னான். அன்று சாயங்காலம் வாழையிலையைச் சுற்றி அதன்மேல் துணி கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்து, பயிற்சி ஆட்டம் முடியும்வரை கோட்டோரம் நின்றார். ஒரு சேர் கொண்டுபோய்ப் போட்டேன். உட்காரவில்லை. “இன்னா இப்ப? வெந்துச்சி. ஆறிடும்” என்றார்.

தன் வலியையே மதிக்காத மனிதர் மற்றவன் வலியை எப்படி மதிப்பார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருப்பேன்.

களம்பூர் ரைஸ் மில் ஆட்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். மூட்டை தூக்கிய உடம்புகள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆட்டம் என்றால் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நிற்பார்கள். ஒரு வருடம் அவர்களுடைய தடுத்து ஆடும் பேக் ஒருவன் எங்கள் ஃபார்வர்டின் முழங்காலில் வேண்டுமென்றே பூட்ஸால் மிதித்தான். ரெஃப்ரி விசில் ஊதுவதற்குள் மாஸ்டர் கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே. கம்பு பிளந்தது. அவன் மடங்கி விழுந்தான். அதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாத சண்டை. நடுவில் மாஸ்டர் அந்தப் பையனின் முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்.

“நடிக்கிறியா? எந்திரி. எங்க வலிக்குது உனுக்கு, எங்க?”

அவன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். கழுத்தெலும்பு முறிந்து, அதன் முனை தோலை உள்ளிருந்து கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டரின் கட்டைவிரல் பாதி தூரம் போய்விட்டது. அப்படியே நின்றது. சுற்றிலும் கல் பறந்துகொண்டிருக்க, அவர் அந்த எலும்பு முனையைப் பார்த்தபடி நின்றார். பிறகு துண்டை அவிழ்த்து அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி மாதிரிக் கட்டி, தன் டி.வி.எஸ்.ஸில் முன்னால் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். கட்டு போடும் வரை கூடவே நின்றார். அவனுடைய அம்மா வந்து இவரைத் திட்டியதையும் வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

மறுவாரம் மைதானத்துக்கு வந்தார். ஒருவன் பின்தொடையில் பிடிப்பு என்றான். “எங்க?” என்றார்.

சீலன் எங்கள் ஸ்டாப்பர் பேக், கோலுக்கு முன்னால் நின்று எதிரணி ஃபார்வர்டை மறிக்கிறவன். இருபத்து நான்கு வயது. ஜெயசீலன் என்று பெயர், சீலன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என் கடைக்கு எதிர்வீட்டில் கீழ்தளத்தில் குடியிருந்தான். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தறியின் முன்னால் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, வலது காலால் மிதியை அழுத்தினால்தான் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி நூலைத் தூக்கும். நாளெல்லாம் அந்த அழுத்தல்தான். அதனாலேயே அவன் வலது கால் அப்படி ஒரு கால். ஃப்ரீ கிக் அடித்தால் பந்து தாழ்வாக, விசில் மாதிரி போகும். மனைவி எஸ்தர் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்குப் போவார்கள், மாலையில் அவன் மைதானத்துக்கு வருவான். அதிகம் பேசமாட்டான். எந்தக் கேம்ப்பிலும் ஒருநாள்கூடக் காயம் என்று சொன்னவன் இல்லை.

அந்த வருடம் சொன்னான். கேம்ப்பின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் பி.டி. சாரிடம் வந்தான்.

“முட்டி சிக்கிக்குது சார். மடக்குனா உள்ள ஏதோ மாட்டிகினு நிக்குது. அப்பறம் டக்குனு விட்டுடுது.”

“வலி கீதா?”

“கீது சார். மிதி அழுத்தும்போதும் கீது.”

சார் அப்போதே அவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். படியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது நெஞ்சில் போட்ட கோடு. முதல் ஆட்டமே களம்பூரோடு. அவர்களிடம் அந்த வருடம் உயரமான ஒரு ஃபார்வர்டு வந்திருந்தான், தலையால் மட்டுமே கோல் போடுகிறவன். சீலன் இல்லையென்றால் அவனைப் பிடிக்க எங்களிடம் இருந்தது கனத்த உடம்புக்காரன் ஒருவன், திரும்புவதற்குள் கோல் விழுந்துவிடும். அரைமணி நேரம் எடைபோட்டோம். சீலனை முதல் பாதி மட்டும் இறக்கலாம் என்றான் ஒருவன். கட்டுப் போட்டு இறக்கலாம் என்றான் இன்னொருவன். கறிக்கடைக்காரரின் ஆடு மாதிரி அவன் காலைப் பிரித்துப் பிரித்துப் பேசினோம். அவன் கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“முந்தாநேத்து காலையில அவன் கேஸ் சிலிண்டரத் தோள்ல வெச்சிகினு மாடி ஏறுனான் மாஸ்டர். என் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்.”

அது பொய் இல்லை. மாடியில் அவன் அக்கா குடியிருந்தாள், அவளுக்காகச் சிலிண்டர் தூக்கிப் போனான். ஆனால் ஐந்தாவது படியில் அவன் நின்றதையும் நான் பார்த்திருந்தேன். கைப்பிடிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு வலது காலை மடக்காமல், இடது காலை மட்டும் வைத்து வைத்து மீதிப் படிகளை ஏறினான். அதை நான் சொல்லவில்லை. மறக்கவில்லை. களம்பூர்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

மாஸ்டர் எழுந்து போனார். “சிலிண்டர் தூக்குனியா?”

“தூக்கினேன் மாஸ்டர்.”

“எங்க?” என்றார். சீலன் முட்டியின் உள்பக்கத்தைக் காட்டினான். விரல் இறங்கியது. வருடா வருடம் இந்தச் சோதனையைப் பார்த்த பையன்கள் எல்லாரும் ஒன்று கற்றுக்கொண்டிருந்தார்கள்: லேசாக வலித்தாலும் கண்ணைக் கலக்கிக்கொள்ள வேண்டும். சீலனுக்கு அது தெரியவில்லை, அல்லது செய்ய மனம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. புல்லைப் பிடி பிடியாகப் பிடுங்கினான். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் வறண்டே இருந்தது.

“ஆடுவான்” என்றார் மாஸ்டர். “எழுதுங்க சார்.”

பி.டி. சார் கொஞ்சம் தயங்கினார். எழுதினார்.

முதல் பாதியில் அவன் அந்த உயரக்காரனைப் பந்துக்குப் பக்கத்திலேயே விடவில்லை. இரண்டாம் பாதியில், எங்கள் கோலுக்கு முன்னால் பந்து மேலே வந்தது. இருவரும் எழும்பினார்கள். சீலன்தான் தலையால் அடித்தான். இறங்கும்போது வலது கால் மட்டும் தரையில் ஊன்றியது, உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. காய்ந்த சுள்ளியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அந்த உயரக்காரன் அவனைத் தொடவே இல்லை. அவன் தட்டிவிட்ட பந்தைக் களம்பூர்க்காரன் இன்னொருவன் திருப்பி அடிக்க, விழுந்தவனைத் தாண்டி அது வலையில் போய் விழுந்தது.

“எந்திரிடா” என்று கத்தினோம். கோல் போய்விட்ட ஆத்திரம். “நடிக்கிறான், எழுப்புங்க அவன” என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரலாகவும் இருக்கலாம்.

ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன் மாஸ்டர் ஓடினார். முட்டி மாட்டிக்கொண்டது, இழுத்து மடக்கினால் விட்டுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். தசைப்பிடிப்பு வந்தவர்களுக்கு அப்படித்தான் செய்வார். சீலனின் கணுக்காலைப் பிடித்து, அவன் நெஞ்சை நோக்கித் தள்ளினார். முழு பலத்தோடு.

அந்த அலறலைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முட்டிக்குக் கீழே இருந்த கால், கால் போகக் கூடாத பக்கம் போனது. மாஸ்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம்.

நாங்கள் இறங்கினோம். உயரக்காரனைப் பிடித்தோம். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் கண்ணால் பார்த்தோம். இருந்தும் அடித்தோம். ஒருவன் செருப்பால், ஒருவன் கல்லால். தரையில் யாரோ ஒருவன் சுருண்டு கிடந்தான், அவன் விலாவில் நான் மூன்று முறை உதைத்தேன். அது அவன்தானா, வேறு யாராவதா, எங்கள் ஆளேதானா, இன்றுவரை தெரியாது. போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது என் ஷூவின் முனையில் ரத்தம். பக்கெட் தண்ணீரில் ஷூவை முக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

ஒன்பதாவது நாள் நான் சாயப்பட்டறையில் இருந்தேன். ஒரு டிசைனுக்கு முந்தானை நிறம் ஒத்துவருகிறதா என்று பார்க்க, கலர் ஷீட்டோடு போயிருந்தேன். மாஸ்டர் அரக்கு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று நூலைத் திருப்பிக்கொண்டிருந்தார். எஸ்தர் உள்ளே வந்தாள். கையில் ஸ்கேன் ஃபிலிம் இருந்த பெரிய கவர். சீலனைச் சேர்த்திருந்த வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள் என்று தெரிந்தது. கசங்கிய சேலை, தூங்காத கண்.

“ஜவ்வு மூணு எடத்துல பிஞ்சி கீதாம் மாஸ்டர். ஒண்ணு விழும்போது பிஞ்சிது. மத்தது மடக்குனதுல பிஞ்சிதாம்.”

மாஸ்டர் கழியை அண்டாவின் விளிம்பில் வைத்தார்.

“அவரு நடிக்கிறாருன்னு யாரு சொன்னது?”

“நான்தாம்மா.”

“சிலிண்டர் தூக்குனாருன்னு யாரு வந்து சொன்னது உங்ககிட்ட? யாரு பார்த்தது?”

அவர் தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் ஒரு கணம் என் பக்கம் வந்து போனது. நான் இரண்டு கை தூரத்தில் கலர் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான்தான் பார்த்தேன்” என்றார். “அந்தப் பக்கமா போய்கினு இருந்தேன். பார்த்தேன்.”

அவள் கவரைக் கீழே வைத்தாள். நூல் தொங்கவிடும் மரக்கழிகள் சுவரோரம் சாத்தியிருந்தன. ஒன்றை எடுத்து அடித்தாள். முதல் அடி கையில். இரண்டாவது நெற்றியில், புருவத்துக்கு மேலே பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பட்டறை ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். “யாரும் கிட்ட வராதீங்கடா.” அவள் அடித்தாள். தோளில், காதில், கழுத்தில். அழவில்லை, திட்டவில்லை, மூச்சு வாங்குகிற சத்தமும் அடி விழுகிற சத்தமும்தான். அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. கழி ஒடிந்தது. கையில் மிஞ்சிய பாதியால் இன்னும் இரண்டு. பிறகு அதைப் போட்டுவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கடா” என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. நான்கு வார்த்தை போதும். சொல்லவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். தையல் போட வரிசையில் உட்கார்ந்திருந்தோம். துண்டை நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தார். “மாஸ்டர், அன்னைக்கி நான்...” என்று தொடங்கினேன்.

“நீ பார்த்தத சொன்ன. அழுத்துனது யாரு?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கலர் ஷீட்ட காட்டு. அந்த அரக்கு இன்னும் ஒரு முக்கு போவணும்” என்றார்.

நான் பார்த்ததில் பாதியை அவரிடம் மறைத்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

வேலூரில் ஆபரேஷன் நடந்தது. ஊர் திரும்பிய சீலனின் கால் கட்டை மாதிரி நீட்டியபடியே இருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்க வேண்டும், விட்டால் அப்படியே இறுகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எஸ்தர் காலைத் தொட்டாலே அவன் கத்தினான், அவள் உடனே விட்டுவிட்டாள். ஒருநாள் காலை ஏழு மணிக்கு மாஸ்டர் அவர்கள் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் தையல் பிரிக்கப்பட்ட தழும்பு சிவப்பாக இருந்தது. எஸ்தர் கதவைச் சாத்தினாள். மறுநாளும் வந்து நின்றார். மறுநாளும். என் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். எட்டாவது நாள் கதவு சாத்தப்படவில்லை.

ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். சீலன் குப்புறப் படுத்து வாயில் துண்டைக் கடித்திருந்தான். மாஸ்டர் கணுக்காலைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக மடக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் வேர்வை. “போதுமா?” என்று கேட்டார். சீலன் தலையசைத்தால் நிறுத்தினார். திரும்பக் கொஞ்சம். “போதுமா?” வலி தாங்காத ஒரு கணத்தில் சீலன் பாதி திரும்பி முஷ்டியால் அவர் முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. பிடியைத் தளர்த்தாமல், காலை அசையவிடாமல் பிடித்தபடி, “அடி. ஆனா கால இழுக்காத” என்றார். அவன் அடித்தான். அப்படி நான்கு மாதம். அவர் தோளும் முதுகும் எப்போதும் கன்றிப்போயிருக்கும். சாயம் என்று பட்டறையில் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் கேம்ப்புக்கு அவர் வரவில்லை. ரைட் விங் பையனுக்கு இடுப்பில் ஏதோ பிடிப்பு, எடுப்பதா விடுவதா என்று எங்களுக்குள் மூன்று நாள் தகராறு. நான் பட்டறைக்குப் போனேன். “ஒரு தடவ வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க மாஸ்டர்.”

“எனக்கின்னா தெரியும்” என்றார். “வலிக்குதான்னு அவனக் கேளு. அவன் சொல்றத எழுது.”

ஆபரேஷன் முடிந்த ஏழெட்டு மாதத்தில், அந்தக் கேம்ப்புக்கு முன்பே, சீலன் தறியில் இறங்கிப் பார்த்தான். ஆபரேஷனுக்கு முன்னால் பாதியில் விட்ட சேலை தறியிலேயே இருந்தது. எஸ்தர் தூசி தட்டி வைத்திருந்தாள். மாஸ்டர் வந்திருந்தார், நானும் போனேன். சுவரைப் பிடித்துக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தான். மிதியை அழுத்தினான். பெட்டி எழும்பியது, ஊடு நூலை ஏந்திய நாடா குறுக்கே ஓடியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. பத்துப் பன்னிரண்டு இழை ஓடியிருக்கும். நிறுத்தினான். முகம் வெளுத்திருந்தது. எஸ்தர் கிட்டே போனாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, மாஸ்டரைப் பார்த்தான்.

“வலிக்குது மாஸ்டர்.”

மாஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்ப மேல வா” என்றார். அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போல அவனைக் குழியிலிருந்து தூக்கி வெளியே உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எஸ்தர் சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். பாதியில் நின்ற சேலையை அவள்தான் நெய்து முடித்தாள். அன்றிலிருந்து தறி அவளுடையது. சீலன் நூல் சுற்றுகிறான், அறுந்த இழையை முடிகிறான். நடப்பான், கொஞ்சம் சாய்ந்து நடப்பான். பந்தாடுவதைப் பார்க்கக்கூட மைதானத்துக்குப் போவதில்லை.

பிறகு மாஸ்டரின் மகன் ஓசூரில் வேலைக்குப் போய் அவரையும் அழைத்துக்கொண்டான். பண்டிகைக்கு வந்தால் சீலன் வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவார். எஸ்தர் பரிமாறுவாள், அவரோடு அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவருக்கென்று மீன் வாங்குவாள்.

இந்த வருடம் மாசியில் அவர் இறந்த செய்தி வந்தது. போன் எனக்குத்தான் வந்தது. தெருவைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். சீலன் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு ராட்டையை நிறுத்தினான். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எஸ்தர் காதில் விழாது என்று நினைத்தேனோ என்னவோ, பத்து வருடத்துக்கும் மேல் சொல்லாததை அப்போது சொன்னேன்.

“சிலிண்டர் பார்த்தது அவரில்ல சீலா. நான்தான். நீ படியில நின்னதையும் பார்த்தேன். அத மட்டும் நான் சொல்லல.”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். “தெரியும்ணா. அந்தப் படி வேற எங்கேர்ந்து தெரியும்? உங்க ஜன்னல்லேர்ந்துதான் தெரியும்” என்றான்.

உள்ளே தறிச் சத்தம் நின்றது.

எஸ்தர் வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கையைப் பார்த்தேன். வலது கை மடங்கி இறுகியிருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“சாவுக்குப் போகணும்” என்றாள் சீலனிடம். “சட்டைய மாத்திக்கங்க.” என்னிடம், “நீங்களும் கெளம்புங்க. இத திரும்பி வந்து பேசிக்கலாம்” என்றாள்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பஸ்ஸில் வந்தோம். ஏழு மாதம் ஆகிறது. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது எதிர்வீட்டில் அவள் குழிக்குள் இறங்குவது தெரியும். பிறகு நாள் முழுக்க அந்த மிதிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான் இன்னும் தெருவைத் தாண்டவில்லை.